சலுகை என்று பெயர் வைத்த தண்டம்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கல்லூரி விடுதி மாணவர்களோடு வாசிப்பு வட்டம் நடத்திக்கொண்டிருந்தோம். பேச்சு எங்கெங்கோ சுற்றிக் கல்வி உதவித்தொகையில் வந்து நின்றது. "பணம் வந்துச்சுண்ணா, ஆனா முழுசா வரல" என்றார் ஒரு தம்பி. போனில் வங்கியின் குறுஞ்செய்திகளைக் காட்டினார். குறைந்தபட்ச இருப்பு வைக்காததற்கு 150 ரூபாய். அதன் மேல் ஜி.எஸ்.டி. 27 ரூபாய். ஆக 177 ரூபாய் பிடித்தம். அடுத்த மாதமும் அதே 177. அதற்கடுத்த மாதம் பிடிப்பதற்குக் கணக்கில் எதுவும் இல்லை. உதவித்தொகை வந்து விழுந்த அன்று பாக்கியையும் சேர்த்து எடுத்துக்கொண்டார்கள்.

அன்று அங்கே இருந்தவர்கள் பன்னிரண்டு பேர். போனைத் திறந்து பார்க்கச் சொன்னோம். ஏழு பேரிடம் இப்படி ஒரு குறுஞ்செய்தி இருந்தது. "பேங்க்னா அப்படித்தானே" என்றார் ஒருவர். மற்றவர்கள் தலையாட்டினார்கள்.

அந்தத் தலையாட்டல்தான் எங்களை இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. வங்கி எப்போதிருந்து அப்படி? பணம் இல்லை என்பதற்காகவே ஒருவரிடம் பணம் பிடுங்கும் வழக்கம் எங்கே தொடங்கியது? அதை யார் சட்டமாக்கினார்கள்? இந்தக் கேள்விகளுக்கு விடை தேடினால் நாம் அமெரிக்காவுக்குப் போக வேண்டியிருக்கிறது. ஏனென்றால் இந்த வழக்கம் அங்கேதான் மிகப் பெரிதாக வளர்ந்தது. அதன் ஒவ்வொரு படியும் நீதிமன்ற, நாடாளுமன்ற ஆவணங்களில் பதிவாகியிருக்கிறது. அந்த வரலாற்றுக்குள் கறுப்பின மக்களின் வரலாறும் கிடக்கிறது.

வணிகவியல் படித்தவர்களுக்கு 'மேல்வரைப்பற்று' என்ற சொல் தெரிந்திருக்கும். கணக்கில் இருப்பதைவிட அதிகமாக எடுக்க வங்கி அனுமதிப்பதுதான் அது. பேச்சு வழக்கில் ஓவர்டிராஃப்ட், சுருக்கமாக ஓ.டி. இந்த ஒரு சொல்லின் கதைதான் நாம் பார்க்கப்போவது.

வணிகருக்குக் கிடைத்த நம்பிக்கை

1728-ஆம் ஆண்டு, ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரம். அதற்கு முந்தைய ஆண்டுதான் ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்து தொடங்கப்பட்டிருந்தது. வில்லியம் ஹாக் என்ற வணிகர் அந்த வங்கியிடம் ஒரு சிக்கலைக் கொண்டுவந்தார். சரக்கு விற்ற பணம் கைக்கு வரத் தாமதமாகிறது. வாங்கிய சரக்குக்கோ இன்றே பணம் கட்ட வேண்டும். வங்கி ஓர் ஏற்பாடு செய்தது. அவருடைய கணக்கில் இருப்பதற்கு மேல் 1,000 பவுண்டு வரை அவர் எடுத்துக்கொள்ளலாம். எடுத்த தொகைக்கு வட்டி கட்டினால் போதும். ஓவர்டிராஃப்டின் தொடக்கமாக வங்கி வரலாறு எழுதுபவர்கள் சுட்டுவது இந்த நிகழ்வைத்தான்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஹாக்கின் கணக்கு மைனஸுக்குப் போனது. அதற்காக யாரும் அவருக்கு அபராதம் போடவில்லை. பணம் இல்லாத நிலை அவருடைய குற்றமாகக் கருதப்படவில்லை. அவர் பெரிய வணிகர். திருப்பிக் கட்டுவார் என்று வங்கி நம்பியது. அந்த நம்பிக்கைக்கு வட்டி என்ற விலை இருந்தது. எடுத்த தொகை சிறிதானால் வட்டியும் சிறிது. பத்து நாளில் கட்டினால் பத்து நாள் வட்டி.

ஆக, ஓவர்டிராஃப்ட் பிறக்கும்போது நம்பிக்கைக்குரியவர் என்று கருதப்பட்டவருக்கான வசதியாகத்தான் பிறந்தது. யார் நம்பிக்கைக்குரியவர் என்பதை முடிவு செய்தவர்கள், தங்களைப் போன்றவர்களையே தேர்ந்தெடுத்தார்கள். ஊரில் யாருக்குக் கைமாற்று கிடைக்கும், யாருக்கு அடமானம் வைத்தால்தான் கிடைக்கும் என்பதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இருந்த பணத்தையும் இழந்தவர்கள்

இப்போது அட்லாண்டிக் கடலைத் தாண்டுவோம். 1865 மார்ச் 3. உள்நாட்டுப் போர் முடியும் தறுவாயில், அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்களுக்கென ஒரு சேமிப்பு வங்கியை அமைக்கும் சட்டத்தில் ஆபிரகாம் லிங்கன் கையெழுத்திட்டார். ஃப்ரீட்மன்ஸ் சேவிங்ஸ் பேங்க் என்று அது அழைக்கப்பட்டது. கறுப்பினப் போர்வீரர்களின் சம்பளம், சலவைத் தொழிலாளிப் பெண்களின் கூலி, பருத்திக் காட்டில் உழைத்தவர்களின் முதல் சேமிப்பு எல்லாம் அங்கே சேர்ந்தன. அரசே பொறுப்பு என்று மக்கள் நம்பினார்கள். அப்படி நம்பவும் வைக்கப்பட்டார்கள். உண்மையில் அரசு உத்தரவாதம் எதுவும் இல்லை.

தொடக்கத்தில் அந்தப் பணத்தை அரசுப் பத்திரங்களில் மட்டுமே முதலீடு செய்யலாம் என்று இருந்தது. 1870-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். அதன் பிறகு அந்தப் பணம் வெளியே கடனாகப் போனது. யாருக்குப் போனது? வங்கியின் நிதிக் குழுவுக்குத் தலைவராக இருந்தவர் ஹென்றி குக் என்ற வெள்ளையர். அவருடைய அண்ணன் ஜே குக் நடத்திய நிறுவனத்துக்கும், அவர்களோடு தொடர்புடைய தொழில்களுக்கும் சரியான ஈடு இல்லாமலே கடன் போனது. 1873 நிதி நெருக்கடியில் ஜே குக்கின் நிறுவனம் விழுந்தது. இந்த வங்கியும் ஆட்டம் கண்டது.

1874 மார்ச்சில், உள்ளே எல்லாம் காலியான பிறகு, ஒரு காலத்தில் அடிமையாக இருந்து பின்னர் விடுதலைப் போராளியான ஃபிரெடரிக் டக்ளஸை வங்கியின் தலைவராக்கினார்கள். அவர் தன் சொந்தப் பணத்தில் 10,000 டாலர் போட்டுப் பார்த்தார். காப்பாற்ற முடியவில்லை. அந்த ஆண்டு ஜூன் மாத இறுதியில் வங்கி மூடப்பட்டது. அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் ஏறக்குறைய 30 லட்சம் டாலர் முடங்கியது. பலருக்குப் பல ஆண்டுகள் கழித்து ஒரு பகுதி மட்டும் திரும்பக் கிடைத்தது. பலருக்கு எதுவும் கிடைக்கவில்லை.

எடின்பரோ வணிகரிடம் இல்லாத பணத்தை வங்கி கொடுத்தது. அமெரிக்கக் கறுப்பினத் தொழிலாளியிடம் இருந்த பணத்தை வங்கி இழந்தது. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் மற்றது விளங்கும்.

அதற்குப் பிறகும் கதவு திறக்கவில்லை. 1930-களில் அமெரிக்க அரசின் வீட்டுக்கடன் நிறுவனம் நகரங்களுக்கு வரைபடம் தயாரித்தது. கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகள் சிவப்பு வண்ணத்தில் குறிக்கப்பட்டன. சிவப்பு என்றால் கடன் கொடுப்பது ஆபத்து என்று பொருள். நம் ஊர் காலனிக்குக் கடன் கேட்டு வந்தால் முகவரியைப் பார்த்தே முகம் மாறும் அதிகாரியை நாம் அறிவோம். அங்கே அதை வண்ணம் தீட்டியே வைத்திருந்தார்கள். வீடு வாங்க முடியாதவர்களுக்குப் பிள்ளைகளுக்கு விட்டுப்போகச் சொத்து சேரவில்லை. பஞ்சமி நிலம் கைமாறிப்போன கதையைத் தெரிந்தவர்களுக்கு இதன் விளைவு புரியும். 2022-இல் அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் எடுத்த கணக்கெடுப்பில் வெள்ளையினக் குடும்பத்தின் இடைநிலைச் சொத்து மதிப்பு 2,85,000 டாலர். கறுப்பினக் குடும்பத்துக்கு 44,900 டாலர். மாதக் கடைசியில் யார் கணக்கில் பணம் தீர்ந்துபோகும் என்பதற்கு இந்த இரண்டு எண்களே போதும்.

1969: சட்டத்தில் விட்ட சிறு துளை

1968-இல் அமெரிக்காவில் இரண்டு முக்கியமான சட்டங்கள் வந்தன. ஒன்று, வீட்டு வசதியில் இனப் பாகுபாட்டைத் தடை செய்த சட்டம். மற்றொன்று, கடன் கொடுப்பவர்கள் அதன் உண்மையான விலையை, ஆண்டு வட்டி விகிதமாகக் கணக்கிட்டு, கடன் வாங்குபவருக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்ற சட்டம். இரண்டும் மக்கள் போராடிப் பெற்றவை.

இரண்டாவது சட்டத்துக்கான விதிகளை 1969-இல் ஃபெடரல் ரிசர்வ் எழுதியது. அதில் ஒரு விலக்கு சேர்ந்தது. அப்போதெல்லாம் அமெரிக்காவில் சம்பளம் வாங்குபவர்கள் வீட்டு வாடகை முதல் மளிகை வரை எல்லாவற்றுக்கும் செக் எழுதிக் கொடுப்பார்கள். அதற்கான அன்றாடக் கணக்குதான் செக்கிங் அக்கவுண்ட். எப்போதாவது ஒருவர் எழுதிய செக்குக்குக் கணக்கில் பணம் போதாமல் போகும். கிளை மேலாளர் அந்தச் செக்கைக் கையில் எடுத்துப் பார்ப்பார். தெரிந்த வாடிக்கையாளர் என்றால் திருப்பி அனுப்பாமல் பாஸ் செய்துவிடுவார்; அதற்கு ஒரு சிறு கட்டணம் வாங்குவார். இது வங்கி தன் விருப்பப்படி எப்போதாவது காட்டும் தயவு. இதைக் கடன் என்று சொல்லி வட்டி விகிதம் எழுதச் சொல்ல வேண்டாம் என்பதே அந்த விலக்கின் சாரம்.

தயவு, சலுகை. இந்தச் சொற்களைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள் தோழர்களே. எது கடனோ அதற்குச் சட்டம் உண்டு. எது சலுகையோ அதற்குச் சட்டம் இல்லை. அந்தத் துளை வழியாகத்தான் அடுத்த ஐம்பது ஆண்டுகளும் நுழைந்தன.

மேலாளர் போய் மென்பொருள் வந்தது

1980-க்குப் பிறகு வட்டி மீதான கட்டுப்பாடுகள் தளர்ந்தன. வங்கிகளுக்கிடையே போட்டி கூடியது. 1990-களில் ஆலோசனை நிறுவனங்கள் வங்கிகளிடம் ஒரு திட்டத்தை விற்றன. செக்கைப் பார்த்து முடிவெடுக்க மேலாளர் எதற்கு? கணினியே முடிவெடுக்கட்டும். ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு வரம்பு வைத்து, அதுவரை எல்லாவற்றையும் பாஸ் செய்யட்டும். ஒவ்வொரு முறையும் கட்டணம் விழட்டும். பணம் இல்லாத வாடிக்கையாளர் இதுவரை வங்கிக்குத் தலைவலியாக இருந்தார். இனி அவர்தான் வருமானம்.

அதே நேரம் 'இலவசக் கணக்கு' என்ற விளம்பரங்கள் வந்தன. மாதக் கட்டணம் கிடையாது, வாருங்கள் என்றார்கள். ஏழைகளும் வந்தார்கள். இலவசத்துக்கான செலவை யாரிடமிருந்து எடுக்கப்போகிறார்கள் என்று விளம்பரத்தில் இல்லை.

இந்தத் திட்டத்துக்கு வங்கிகள் வைத்த பெயர்களைக் கேளுங்கள். மரியாதைக்காகச் செலுத்துவது என்று பொருள்படும் 'கர்ட்டஸி பே'. செக் திரும்பாமல் காப்பது என்று பொருள்படும் 'பவுன்ஸ் புரொடெக்ஷன்'. கணினி கோடிக்கணக்கான முறை தானாகச் செய்வதை, விண்ணப்பப் படிவத்தில் மட்டும் 'வங்கியின் விருப்பத்துக்கு உட்பட்டது' என்று எழுதி வைத்தார்கள். அப்படி எழுதினால்தான் 1969 விலக்குக்குள் நிற்க முடியும். மேலாளரின் தயவுக்காக விட்ட துளைக்குள் ஒரு தொழிற்சாலையே வந்து உட்கார்ந்தது.

பிறகு டெபிட் கார்டு வந்தது. கார்டைத் தேய்க்கும்போது கணக்கில் பணம் இல்லை என்றால் இயந்திரம் 'இல்லை' என்று சொல்லிவிடலாம். அதற்கு ஒரு பைசா செலவில்லை. ஆனால் பல வங்கிகள் பாஸ் செய்தன. 5 டாலர் காபிக்கு 35 டாலர் கட்டணம் விழுந்தது. வீட்டுக்குப் போய்க் கணக்கைப் பார்க்கும்போதுதான் ஆளுக்கே தெரியும்.

வரிசையை மாற்றிய வித்தை

இன்னொரு வித்தையைக் கணக்குப் போட்டே பார்ப்போம். ஒருவர் கணக்கில் 100 டாலர் இருக்கிறது. ஒரே நாளில் வரிசையாக 5, 10, 15, 20 டாலருக்குச் செலவு செய்கிறார். மாலையில் 90 டாலர் பில் கட்டுகிறார். நடந்த வரிசைப்படி கழித்தால் முதல் நான்கு செலவுக்கும் பணம் இருக்கிறது. கடைசி பில்லுக்கு மட்டும் போதவில்லை. ஒரு கட்டணம், 35 டாலர்.

இப்போது வரிசையைத் தலைகீழாக்குங்கள். பெரியதை முதலில் கழியுங்கள். 90 போனால் மீதி 10. அடுத்து 20 கழிக்கும்போது கணக்கு மைனஸ். பிறகு 15, 10, 5. மூன்றும் மைனஸ். நான்கு கட்டணம், 140 டாலர். அதே ஆள், அதே செலவு, அதே நாள். மாறியது வரிசை மட்டும்.

பல பெரிய வங்கிகள் இதைத்தான் செய்தன. கலிஃபோர்னியா வாடிக்கையாளர்கள் வெல்ஸ் ஃபார்கோ வங்கி மீது தொடுத்த வழக்கில், 2010-இல் நீதிபதி வில்லியம் ஆல்சப் 20 கோடியே 30 லட்சம் டாலரைத் திருப்பிக் கொடுக்கும்படி தீர்ப்பளித்தார். வங்கி மேல்முறையீடு செய்துகொண்டே போனது. 2016-இல் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்க மறுத்த பிறகுதான் முடிவுக்கு வந்தது. இதே போன்ற வழக்கில் பேங்க் ஆஃப் அமெரிக்கா 2011-இல் 41 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது.

2010-இல் ஒரு புது விதி வந்தது. ஏ.டி.எம். எடுப்புக்கும் அன்றாட டெபிட் கார்டுச் செலவுக்கும் ஓவர்டிராஃப்ட் கட்டணம் வாங்க வேண்டுமென்றால் வாடிக்கையாளர் முன்கூட்டியே சம்மதித்திருக்க வேண்டும். செக்குகளுக்கும், கணக்கிலிருந்து தானாகப் போகும் பில்களுக்கும் இந்த விதி பொருந்தாது. சம்மதம் எப்படி வாங்கப்பட்டது என்பதற்கும் ஒரு வழக்கு இருக்கிறது. அமெரிக்க அரசின் நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு 2017 ஜனவரியில் டி.சி.எஃப். என்ற வங்கி மீது வழக்குத் தொடர்ந்தது. புதுக் கணக்கு தொடங்க வருபவரிடம் கட்டாயம் போலத் தோன்றும்படி சம்மதக் கையெழுத்து வாங்கினார்கள் என்பது குற்றச்சாட்டு. அந்த மனுவில் ஒரு செய்தி இருந்தது. வங்கியின் தலைமை அதிகாரியாக இருந்தவர் தன் சொந்தப் படகுக்கு வைத்திருந்த பெயர் 'ஓவர்டிராஃப்ட்'. அடுத்த ஆண்டு 2 கோடியே 50 லட்சம் டாலரை வாடிக்கையாளர்களுக்குத் திருப்பிக் கொடுக்க வங்கி ஒப்புக்கொண்டது.

யார் கட்டினார்கள்?

2014-இல் அதே பாதுகாப்பு அமைப்பு ஓர் ஆய்வை வெளியிட்டது. டெபிட் கார்டால் விழும் ஓவர்டிராஃப்ட் கட்டணங்களில் பெரும்பாலானவை 24 டாலரோ அதற்குக் குறைவாகவோ உள்ள செலவுக்கு விழுகின்றன. பெரும்பாலானவர்கள் மூன்று நாளுக்குள் கட்டிவிடுகிறார்கள். கட்டணமோ 34 டாலர். 24 டாலரை மூன்று நாள் கடனாகக் கொடுத்து 34 டாலர் வட்டி வாங்கினால் ஆண்டு வட்டி எவ்வளவு? 17,000 விழுக்காட்டுக்கு மேல். மீட்டர் வட்டிக்காரர்கள்கூட வாய்விட்டுக் கேட்கத் தயங்கும் கணக்கு இது. அதைக் கடன் என்று ஒப்புக்கொண்டிருந்தால் இந்த எண்ணைக் கணக்கு தொடங்கும் தாளில் அச்சிட்டுக் கொடுத்திருக்க வேண்டும். சலுகை என்றதால் தப்பித்தார்கள்.

2017-இல் வந்த இன்னொரு ஆய்வு, யார் இதைக் கட்டுகிறார்கள் என்று காட்டியது. ஆண்டுக்குப் பத்து முறைக்கு மேல் மைனஸுக்குப் போகும் கணக்குகள் மொத்தத்தில் 9 விழுக்காடு மட்டுமே. கட்டணத்தில் 79 விழுக்காடு அவர்களிடமிருந்து வந்தது. 2019-இல் அமெரிக்க வங்கிகள் இந்த வகையில் ஈட்டியது சுமார் 1,547 கோடி டாலர். அதாவது பணம் தீர்ந்துபோகும் ஒரு சிறு கூட்டம், பணம் தீராத பெருங்கூட்டத்தின் 'இலவச' கணக்குக்குச் செலவு செய்துகொண்டிருந்தது.

கட்டணம் கட்டமுடியாமல் கணக்கு மூடப்பட்டால் அந்தப் பெயர் ஒரு பொதுப் பட்டியலில் ஐந்தாண்டு வரை நிற்கும். மற்ற வங்கிகள் அதைப் பார்த்துவிட்டுக் கணக்குத் தர மறுக்கும். 2023-இல் அமெரிக்க அரசு எடுத்த கணக்கெடுப்பில் வங்கிக் கணக்கே இல்லாத குடும்பங்கள் வெள்ளையினத்தவரில் 1.9 விழுக்காடு, கறுப்பினத்தவரில் 10.6 விழுக்காடு. ஏன் கணக்கு இல்லை என்று கேட்டதற்கு அதிகம் பேர் சொன்ன காரணம், குறைந்தபட்ச இருப்பு வைக்கப் பணம் இல்லை என்பது. விடுதித் தம்பி சொன்ன அதே காரணம்.

வந்த உரிமை போன கதை

மக்கள் எதிர்ப்பு வீண்போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நுகர்வோர் அமைப்புகள், வழக்குகள், ஆய்வுகள் என்று பல ஆண்டு அழுத்தத்தின் பலனாக 2021 இறுதியில் கேப்பிட்டல் ஒன் வங்கி ஓவர்டிராஃப்ட் கட்டணத்தை அடியோடு நிறுத்துவதாக அறிவித்தது. 2022-இல் சிட்டி வங்கி நிறுத்தியது. பேங்க் ஆஃப் அமெரிக்கா 35 டாலரை 10 டாலராகக் குறைத்தது. எந்த வங்கியும் திவாலாகவில்லை. இந்தக் கட்டணம் இல்லாமல் வங்கி நடத்த முடியாது என்று அதுவரை சொன்னது பொய் என்று அவர்களே காட்டிவிட்டார்கள்.

2024 டிசம்பரில் பாதுகாப்பு அமைப்பு இறுதி விதியை வெளியிட்டது. 1,000 கோடி டாலருக்கு மேல் சொத்துள்ள பெரிய வங்கிகள் 5 டாலருக்கு மேல் வாங்கக் கூடாது. அல்லது தங்களுக்கு உண்மையில் ஆகும் செலவை மட்டும் வாங்கலாம். அதற்கு மேல் வேண்டுமென்றால் அதைக் கடன் என்று ஒப்புக்கொண்டு ஆண்டு வட்டியை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். பெரிய வங்கிகளைப் பொறுத்தவரை 1969-இல் விட்ட துளையை அடைக்கும் விதி இது. 2025 அக்டோபர் 1 அன்று நடைமுறைக்கு வருவதாக இருந்தது.

வரவில்லை. 2025 மார்ச் 27 அன்று செனட் அவை 52-க்கு 48 என்ற வாக்குகளில் விதியை ரத்து செய்யும் தீர்மானத்தை நிறைவேற்றியது. ஏப்ரல் 9 அன்று பிரதிநிதிகள் அவை 217-க்கு 211 என்று நிறைவேற்றியது. மே 9 அன்று அதிபர் டிரம்ப் கையெழுத்திட்டார். இப்படி ரத்தான விதியைப் போன்ற ஒன்றைப் புதுச் சட்டம் இல்லாமல் அந்த அமைப்பு மீண்டும் கொண்டுவரவும் முடியாது. குறைத்த வங்கிகள் குறைத்தபடியே இருக்கலாம். ஆனால் அது மறுபடியும் வங்கியின் தயவாகிவிட்டது.

நம் கணக்குப் புத்தகம்

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். இங்கே சேமிப்புக் கணக்கில் பொதுவாக மைனஸுக்குப் போக விடமாட்டார்கள். அதற்குப் பதில், அடிமட்டத்துக்கு அருகில் வந்தாலே அபராதம். பெயர் வேறு, பணம் இல்லாததே குற்றம் என்ற நினைப்பு ஒன்றுதான்.

2005-இல் ரிசர்வ் வங்கி, இருப்பே இல்லாமல் அல்லது மிகக் குறைந்த இருப்போடு எளிய கணக்குகளைத் தொடங்கும்படி வங்கிகளுக்குச் சொன்னது. 2012-இல் அது அடிப்படைச் சேமிப்புக் கணக்காக மாற்றப்பட்டது. 2014-இல் ஜன்தன் வந்தது. இப்படி ஒரு பக்கம் கணக்கு தொடங்கச் சொல்லிக்கொண்டே மறுபக்கம் நடந்ததைப் பாருங்கள். 2017 ஏப்ரல் 1 முதல் பாரத ஸ்டேட் வங்கி குறைந்தபட்ச இருப்பு அபராதத்தை மீண்டும் கொண்டுவந்தது. ஏப்ரல் முதல் நவம்பர் வரை எட்டு மாதத்தில் வசூலானது 1,771 கோடி ரூபாய். அந்த ஆண்டு ஜூலை முதல் செப்டம்பர் வரை மூன்று மாதத்தில் வங்கி ஈட்டிய நிகர லாபம் 1,581 கோடி. நாடெங்கும் எதிர்ப்பு வந்தது. முதலில் குறைத்தார்கள். 2020 மார்ச்சில் அபராதத்தை முழுதும் விலக்கினார்கள்.

2023-இல் நாடாளுமன்றத்தில் அரசு கொடுத்த பதில்: 2018 முதல் பொதுத்துறை வங்கிகளும் ஐந்து பெரிய தனியார் வங்கிகளும் குறைந்தபட்ச இருப்பு வைக்காததற்காக வசூலித்தது 21,044 கோடி ரூபாய். 2025-இல் கனரா, பஞ்சாப் நேஷனல், இந்தியன் வங்கி போன்ற பொதுத்துறை வங்கிகள் இந்த அபராதத்தைக் கைவிட்டன. அதே ஆண்டு ஆகஸ்டில் ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கி பெருநகரங்களில் புதுக் கணக்குகளுக்கு 50,000 ரூபாய் இருப்பு வேண்டும் என்றது. எதிர்ப்பு வந்ததும் சில நாளிலேயே 15,000 ரூபாய்க்கு இறங்கியது.

கூலிக்குப் போகும் வீட்டில் 15,000 ரூபாயைத் தொடாமல் கணக்கில் போட்டு வைப்பது யாரால் முடியும்? நிலம் யாரிடம், மாதச் சம்பளம் யாரிடம் என்று பார்த்தால் விடை தெரியும். விதியில் சாதி என்ற சொல் இருக்காது. அமெரிக்க வங்கி விதியிலும் நிறம் என்ற சொல் இல்லை. தலைமுறையாக யாருடைய கையில் பணம் தங்கவிடவில்லையோ, அவர்களைத் தேடிப்பிடிக்கச் சொல் எதுவும் தேவைப்படவில்லை.

நாம் செய்யக்கூடியவை

விடுதித் தம்பிகளிடம் சொன்னதை இங்கேயும் சொல்கிறோம். குறைந்தபட்ச இருப்பு குறைந்தால் வங்கி உங்களுக்கு முன்கூட்டியே தெரிவித்து, சரிசெய்ய ஒரு மாத அவகாசம் தர வேண்டும். இந்த அபராதத்தால் மட்டுமே கணக்கு மைனஸுக்குப் போகக் கூடாது. ரிசர்வ் வங்கியின் இந்த இரண்டு விதிகளும் 2015 ஏப்ரல் முதல் நடப்பில் இருக்கின்றன. உதவித்தொகைக்காகவும் அரசின் நேரடிப் பணத்துக்காகவும் தொடங்கிய கணக்கை, இரண்டாண்டு வரவு செலவு இல்லை என்று செயல்படாத கணக்காக்கக் கூடாது. இது 2024 ஏப்ரல் முதல் உள்ள விதி. சேமிப்புக் கணக்கை இருப்புத் தேவையில்லாத அடிப்படைக் கணக்காக மாற்றும்படி எழுத்தில் கேளுங்கள். பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். பிடித்த பணத்தைத் திருப்பித் தர மறுத்தால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமில்லாமல் புகார் செய்யலாம். அந்த ஏழு பேரும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இருவருக்குப் பணம் திரும்ப வந்திருக்கிறது. மற்றவர்களுக்காகக் காத்திருக்கிறோம்.

வங்கி, வட்டி, ரூபாய் என்பதெல்லாம் நமக்குப் புறம்பான படிப்பு என்று நினைக்க வேண்டாம். 1913 முதல் 1916 வரை நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படித்தவர் அண்ணல் அம்பேத்கர். 1923-இல் வெளிவந்த அவருடைய நூல் ரூபாயின் சிக்கலைப் பற்றியது. 1946-இல், கறுப்பின மக்கள் ஐ.நா.வுக்குக் கொடுத்த மனுவின் படி கேட்டு டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதியவரும் அவர்தான். அவர்களுடைய போராட்டத்தையும் நம்முடையதையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பதை அவரிடமிருந்துதான் கற்றோம்.

இட ஒதுக்கீட்டைச் 'சலுகை' என்று யாராவது சொன்னால் நாம் உடனே திருத்துகிறோம்: அது உரிமை. ஏன் திருத்துகிறோம் என்பதற்கு இந்த ஓவர்டிராஃப்ட் வரலாறு இன்னொரு சான்று. 1969-இல் ஒரு விதியில் சலுகை என்று விட்டதை வைத்து ஐம்பது ஆண்டு ஏழைகளின் பையில் கைவிட்டார்கள். அடுத்த முறை உங்கள் போனில் 177 ரூபாய் பிடித்ததாகக் குறுஞ்செய்தி வந்தால் தலையாட்டாதீர்கள். எந்த விதிப்படி என்று எழுதிக் கேளுங்கள்.